ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்?

முதியோர் இல்லத்தில் விபத்துக்கென்றே ஒரு நேரம் உண்டு. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. மூத்திரம் முட்டி விழிப்பு வரும். தூக்க மாத்திரையின் மயக்கம் பாதி மிச்சமிருக்கும். சட்டென்று எழுந்து உட்கார்ந்தால் பிபி இறங்கித் தலை சுற்றும். கால் செருப்பைத் தேடும், கை சுவரைத் தேடும். பெல் அடித்துக் கூப்பிடலாம்தான். ஆனால், "பாவம், அந்தப் பொண்ணு இப்பத்தான் கண்ணசந்திருக்கும், நாமளே போயிட்டு வந்துடலாம்" என்று நினைக்கிற தலைமுறை அது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்தடி தூரத்தில்தான் இடுப்பெலும்புகள் உடைகின்றன. எண்பது வயதுக்கு மேல் இடுப்பு உடைந்தவர்களில் பலர் பிறகு பழையபடி நடப்பதில்லை. ஓராண்டைத் தாண்டாமல் போய்விடுகிறவர்களும் நிறைய.

நான் நர்ஸ். கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் படித்து, முதலில் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் பிறகு முழுக்க முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்தவள். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, ஷிஃப்ட் பொறுப்பு பார்த்து, கடைசியில் இல்லத்தையே கவனிக்கும் இன்சார்ஜாக இருந்தேன். பணக்கார இல்லங்களையும் தெரியும், அரிசி மூட்டைக்கு நன்கொடையாளரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இல்லங்களையும் தெரியும். ஓர் இல்லம் பாதுகாப்பானதா என்பதை அதன் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ராத்திரி விழித்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும், கெட்ட செய்தியைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

பெங்களூருக்கு முதியோர் இல்லம் புதிதல்ல. ஓசூர் சாலையில் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர் கன்னியாஸ்திரிகள் நூறாண்டுக்கும் மேலாக ஆதரவற்ற முதியவர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். மாதக் கட்டணம் வாங்கும் இல்லங்கள் ஹென்னூர், கொத்தனூர், பன்னேர்கட்டா சாலை, கனகபுரா சாலை என்று பெருகியது கடந்த இருபது, இருபத்தைந்து வருஷத்தில். எச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ, எச்எம்டி என்று அரசுத் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில். இன்னொரு வகையும் உண்டு. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருந்த வீட்டை விற்றுவிட்டு, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகனோடு வந்து சேர்ந்தவர்கள். கொஞ்ச நாளில் மகனுக்கு வெளிநாட்டு மாற்றல் வரும். ஊரும் போய், மகனும் போய், தெரியாத ஒரு நகரத்தில் ஓர் அறையில் அவர்கள் மிஞ்சுவார்கள்.

என் ஊர்க்காரர்களும் வந்தார்கள். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. வேலை போன பிறகு பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். பின்னால் பெற்றோரும் வந்தார்கள். பூமிக்கடியில் பாறைத்தூசியைச் சுவாசித்த நுரையீரல் அவர்களுடையது. அவர்களைச் சமமாகப் படுக்கவைத்தால் மூச்சு வாங்கும். தலைமாட்டை உயர்த்தி, மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தாற்போல்தான் தூங்கவைக்க வேண்டும். இதைத் தெரியாத ஒரு புது அட்டெண்டர் நல்ல எண்ணத்தோடு தலையணைகளை எடுத்துவிட்டாலே போதும், அந்த ராத்திரி அவருக்கு நரகம்.

ஆள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. இல்லம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கட்டிலை எண்ணுகிறார்கள். முப்பது கட்டிலுக்குப் பகலில் இத்தனை பேர், இரவில் இத்தனை பேர் என்று. கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்பதை எண்ணுவதில்லை. தானே நடந்து, தானே குளித்து, காலையில் டெக்கான் ஹெரால்டு படிக்கிற தாத்தாவும் ஒரு கட்டில். பக்கவாதத்தில் விழுந்து, மூக்கு வழியாகக் குழாயில் உணவு போகிற பாட்டியும் ஒரு கட்டில். மறதி நோயில் நள்ளிரவில் கதவைத் தட்டி, "மில் சங்கு ஊதிடுச்சு, நான் வேலைக்குப் போகணும்" என்று அழுகிற பின்னி மில் தொழிலாளியும் ஒரு கட்டில்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட் சோர் வரும். முதலில் இடுப்புக்குக் கீழே, குதிகாலில் லேசான சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. அதை அன்றைக்கே பார்த்துவிட்டால் பிழைத்தோம். விட்டால் சில நாளில் தோல் கிழிந்து, பிறகு எலும்பு தெரியும் வரை போகும். ஒருவரைப் புரட்டி, டயாபர் மாற்றி, துடைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட இரண்டு பேர் வேண்டும். அவசரப்படாமல் செய்தால் பத்து நிமிஷம். அப்படிப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரம். முடித்து நிமிரும்போது முதல் ஆளை மறுபடி புரட்டும் நேரம் வந்துவிடும். அந்த இரண்டு அட்டெண்டர்களுக்கும் அந்த ராத்திரி வேறு எந்தப் பெல்லுக்கும் ஓட நேரமில்லை. டீ குடிக்கவும் நேரமில்லை. ஆனால் நான் பார்த்த எத்தனையோ இல்லங்களில் அந்த இரண்டு பேர்தான் மொத்த ராத்திரிக்கும். அப்புறம் பெட் சோர் வந்துவிட்டது என்று அவர்களையே திட்டுவார்கள். ஏர் பெட் வாங்கிப் போட்டால் புரட்ட வேண்டாம் என்று சில முதலாளிகள் நம்புகிறார்கள். ஏர் பெட் உதவும். புரட்டுகிற கைக்கு அது மாற்று ஆகாது.

இன்னொரு விஷயம், இதை எந்த ரோஸ்டரும் சொல்லாது. சேரும்போது நடந்து வந்தவர் நடந்துகொண்டே இருப்பதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் வாக்கர், பிறகு சக்கர நாற்காலி, பிறகு கட்டில். இல்லம் தொடங்கிய வருஷத்தில் இருந்த அதே முப்பது பேர்தான், அதே எண்ணிக்கை ஊழியர்கள்தான், ஆனால் வேலை இரட்டிப்பாகியிருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று புதிதாக எழுதி, அதன்படி ஆள் போடுகிற இல்லத்தில் வேலை செய்யும் பாக்கியம் எனக்கு ஓரிடத்தில் கிடைத்தது. அங்கே பெட் சோர் அபூர்வம்.

அட்டெண்டர் வேலைக்கு வருகிறவர்கள் யார்? ராய்ச்சூர், கலபுரகி பக்கத்துப் பெண்கள், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பெண்கள். இப்போது அதிகமும் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பெண்கள். ஏஜென்சி வழியாக வருகிறார்கள். இல்லம் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை ஏஜென்சி எடுத்துக்கொண்டு மீதிதான் அவர்கள் கைக்குப் போகும். பன்னிரண்டு மணி நேர டூட்டி. அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் வராவிட்டால், "டபுள் பாத்துடும்மா" என்று கேட்பார்கள். கேட்பது என்பது பெயருக்குத்தான். இருபத்து நாலு மணி நேரம் தூங்காத ஒரு பெண் விடியற்காலையில் எண்பது கிலோ எடையுள்ள ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறாள் என்றால், விழப்போவது இரண்டு பேர். முதியவரின் எலும்பு உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் முதுகு போனது யாருக்கும் தெரியாது. அவள் ஊருக்குப் போய்விடுவாள், ஏஜென்சி வேறு ஆளை அனுப்பும்.

ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. வயதானவர்களின் உடம்பு ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரி நோயைக் காட்டாது. நிமோனியா வந்தாலும் காய்ச்சல் இருக்காது. மூத்திரத்தில் தொற்று வந்தால் எரிச்சல் என்று சொல்ல மாட்டார்கள், திடீரென்று மாற்றிமாற்றிப் பேசுவார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்தால் காலையிலிருந்து ஒரு மாதிரி மந்தமாக இருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம். "சிஸ்டர், அஜ்ஜி இன்னைக்கு சரியில்ல, காபி வேணாம்னுட்டாங்க, எப்பவும் ரெண்டு தடவ கேப்பாங்க" என்று வந்து சொல்ல, அந்த அஜ்ஜியை ஆறு மாதமாகத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். என் அனுபவத்தில் உயிர் பிழைத்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு பெண்ணின் கண்ணால் பிழைத்தவர்கள்.

மொழியும் இதில் சேர்ந்ததுதான். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் வாழ்ந்த தமிழர்கள் கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் பேசியவர்கள். மறதி நோய் வந்தால் பின்னால் கற்ற மொழிகள் முதலில் உதிரும், தாய்மொழி மிஞ்சும். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணிடம் ஒரு பாட்டி "மாரு அடைக்குது, மாரு அடைக்குது" என்றால் அவளுக்கு என்ன புரியும்? நான் இன்சார்ஜ் ஆனதும் செய்த முதல் வேலை, வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தாகம், பயம் இவற்றுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் முதியவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று இந்தி எழுத்தில் எழுதி, ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியது. புதிதாகச் சேரும் பெண் மருந்து அலமாரிக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும்.

இனி தலைமையைப் பற்றி.

ஒரு இல்லத்தில் ஒரு பாட்டி இரவில் விழுந்துவிட்டார். டூட்டியில் இருந்த பெண் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பாட்டி எழவில்லை. "குளிருக்கு மூட்டு பிடிச்சிருக்கும்" என்று தைலம் தேய்த்தார்கள். மறுநாளும் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் கால் ஒரு பக்கமாகத் திரும்பி, நீளம் குறைந்து கிடப்பதை ஃபிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரே. இடுப்பெலும்பு முறிவு. மூன்று நாள் அந்த வலியோடு அவர் கிடந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணை அன்றே அனுப்பிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு பெண் இதே மாதிரி ஒரு விழுகையை நேர்மையாக வந்து சொன்னாளாம். அவள் சம்பளத்தில் பிடித்தார்களாம். எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார்களாம். "அதைப் பாத்த பிறகு யார் சொல்வாங்க, சிஸ்டர்?" என்றாள். அந்தப் பாட்டியின் மூன்று நாள் வலிக்குக் காரணம் அந்தச் சம்பளப் பிடித்தம். அதைச் செய்த நிர்வாகம். என் தீர்ப்பு இன்றைக்கும் அதுதான்.

பிறகு வேறோர் இல்லத்தில் பொறுப்பு என் கைக்கு வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். விழுந்தது, வழுக்கியது, மருந்து தவறியது, மாறியது, தோலில் சிவப்பு, கீறல், சண்டை எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதியதற்காக யாருக்கும் தண்டனை இல்லை, மறைத்தால் மட்டும் கேள்வி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவள் சொன்னால் நர்ஸ் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் பக்கம் பக்கமாக நிறைந்தது. முதலாளி பயந்துவிட்டார். "நீங்க வந்தப்புறம்தான் இவ்வளவு விழறாங்க" என்றார். முன்னாலும் இவ்வளவுதான் விழுந்தார்கள் சார், இப்போதுதான் நமக்குத் தெரிகிறது என்றேன். அவர் நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார்.

மூன்று மாதத்துப் பக்கங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது விஷயம் துலங்கியது. விழுந்தவர்களில் பெரும்பாலோர் நான் முதலில் சொன்ன அந்த விடியற்காலை நேரத்தில் விழுந்திருந்தார்கள். அதிலும் மேல்மாடியின் கிழக்குக் கோடி அறைகளில் அதிகம். போய்ப் பார்த்தால் அங்கே பாத்ரூம் வாசலில் ஒரு அங்குல உயரத்துக்குப் படி, இரவு விளக்கு கண்ணுக்கு நேரே அடிக்கிறது, கைப்பிடி எட்டாத இடத்தில். மேஸ்திரியைக் கூப்பிட்டுப் படியைச் சரிவாக்கினோம், விளக்கைத் தரையோரம் இறக்கினோம், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கைப்பிடி போட்டோம். கூடவே, மூன்றரை மணிக்கு ஒருத்தி அறை அறையாகப் போய், "தாத்தா, பாத்ரூம் போலாமா?" என்று தானே கேட்பது டூட்டியில் சேர்ந்தது. விழுவது நிற்கவில்லை, வயதான உடம்பு விழத்தான் செய்யும். ஆனால் கண்கூடாகக் குறைந்தது.

மருந்துப் பிழைகளும் அந்த நோட்டில்தான் பிடிபட்டன. ஏழு மணிக்கு இன்சுலின் போட்டாயிற்று, சமையற்காரர் வரத் தாமதமாகி இட்லி எட்டரைக்கு வருகிறது. நடுவில் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டி ஒருவர் மயங்குகிறார். இது நர்ஸின் பிழையா, சமையற்காரரின் பிழையா என்று விசாரித்துப் பயனில்லை. தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான் ஊசி என்று விதி மாற வேண்டும். உணவு ஊட்டுவதும் அப்படித்தான். விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். ஊட்டி அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. ஒருத்தி ஐந்து பேருக்கு ஊட்ட வேண்டியிருந்தால் இது நடக்குமா? உணவு நுரையீரலுக்குப் போய் வரும் நிமோனியாவை மரணச் சான்றிதழில் எழுதுகிறார்கள். மதியம் ஆள் போதவில்லை என்று யாரும் எழுதுவதில்லை.

நல்ல இன்சார்ஜ் யார் என்று கேட்டால் என்னால் இப்படித்தான் சொல்ல முடியும். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்பவர், வந்து திட்டாமல் கூடவே இரண்டு பேரைப் புரட்டிவிட்டுப் போகிறவர். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவரை நின்றபடி கேட்காமல் உட்கார்ந்து கேட்பவர். முதலாளியிடம் "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவர். இந்தக் கடைசிக் குணம்தான் அரிது. காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டிலும் மாதா மாதம் நஷ்டம், அதனால் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் ஆசை முதலாளிக்கு இருக்கும். முரட்டுத்தனமாக அடிக்கிற அளவுக்கு மறதி நோய் முற்றிய ஒருவரை, ராத்திரி இரண்டே பேர் இருக்கும் மாடியில் சேர்க்கச் சொன்னபோது, இன்னும் ஓர் ஆளைப் போடுங்கள், இல்லையென்றால் நான் அட்மிஷனில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஆளைப் போட்டார். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கும் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் ஒரு சிறு பங்கினர் இல்லங்களுக்கு வந்தாலும் நம்மிடம் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை. பெங்களூரில் 1998 முதல் இயங்கும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் மறதி நோயாளிகளுக்கென்றே கஸ்தூரி நகரில் 2010-இல் ஒரு மையத்தைத் திறந்தது. அப்படிப்பட்டவை இன்னும் நிறைய வேண்டும்.

2023 பிப்ரவரியில் வந்த செய்தி பெங்களூரில் இந்தத் தொழிலில் இருந்த எங்கள் எல்லோரையும் உலுக்கியது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி உறவினர்கள் போனார்கள். அவரைப் பெங்களூரில் உள்ள ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். இங்கே வந்து பார்த்தால் இங்கேயும் அவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் போனார்கள். உரிமம் இல்லாமல் அது நடந்துவந்தது தெரிந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடித்தது, கட்டிவைத்தது, பாலியல் வன்கொடுமை என்று புகார்கள் எழுந்தன. நடத்தியவர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. ஒரு மனிதரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்ப யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஒரு பார்சலுக்கு இருக்கிற ரசீது அந்த மனிதருக்கு இல்லை. யார் வந்தார், யார் அனுப்பினார், எங்கே போனார், எப்படி இறந்தார் என்று புகைப்படத்தோடு ஒரு பதிவேடு வைப்பது நிர்வாகத்தின் ஆனா ஆவன்னா. அது இல்லாத இடத்தில் அன்பு, சேவை என்று என்ன எழுதியிருந்தாலும் உள்ளே போகாதீர்கள்.

கட்டிவைப்பதைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. ஆனால் முதியோர் இல்லத்தில் சங்கிலி தேவைப்படுவதில்லை. ஒரு துப்பட்டா போதும். "விழுந்துடுவாங்கன்னுதான் சிஸ்டர்" என்று சக்கர நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் முடிச்சுப் போடுவார்கள். கட்டப்பட்டவர் திமிறி, சறுக்கி, துணி கழுத்துக்கு ஏறினால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. ஆள் குறையும் இடத்தில் எல்லாம் துப்பட்டா நீளும். இதை நான் பல இல்லங்களில் அவிழ்த்திருக்கிறேன்.

தீ இன்னொரு கவலை. பெங்களூரில் நிறைய இல்லங்கள் ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த பங்களாக்கள். எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி, மொட்டைமாடிக் கதவில் பூட்டு, பின்வாசலில் கேஸ் சிலிண்டர். மாடியில் ஆக்சிஜன் இயந்திரம், பழைய இன்வெர்ட்டர், பூஜை அலமாரியில் விளக்கும் ஊதுபத்தியும். 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா தாக்குரியாவில் ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிடித்த தீ சுமார் 90 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அன்று 14 பேர் இறந்ததும் புகையில்தான். அறைக்கதவுகள் திறந்திருந்தன, தீயணைப்புத் துறையை உடனே கூப்பிடாமல் தீ எங்கே என்று தேடுவதில் நிமிஷங்கள் போயின என்று விசாரணையில் தெரிந்தது. நான் அட்டெண்டர்களுக்கு அடித்துச் சொல்வது இதுதான்: மணி அடித்தவுடன் 101, 112 எதையாவது அழுத்து, பிறகு தேடு. கதவைச் சாத்து. படுத்திருப்பவரை விரிப்போடு தரையில் இறக்கி இழு, படிக்குப் போகாதே, முதலில் அதே மாடியின் மறு கோடிக்குப் போ. இதைப் பகலில் ஒத்திகை பார்ப்பது எளிது. ராத்திரி இருக்கும் ஆட்களை மட்டும் வைத்து ஒத்திகை பாருங்கள். இரண்டு பேர் எத்தனை பேரை இழுக்க முடியும் என்று அப்போது தெரியும். மொட்டைமாடிச் சாவி கதவுக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும், மேனேஜரின் வீட்டில் அல்ல.

கொரோனாக் காலத்தைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஊழியர்களை உள்ளேயே தங்கச் சொன்னார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நகரத்தில் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்காமல் அலைந்தபோதும் அப்படித்தான். எந்த இல்லங்களில் அட்டெண்டர்களுக்கு ஒழுங்காகச் சம்பளமும் படுக்கத் தனியறையும் மரியாதையும் இருந்தனவோ, அங்கே அவர்கள் தங்கினார்கள், பலர் தங்கள் பிள்ளைகளை மாதக்கணக்கில் பார்க்காமல். மற்ற இடங்களில் முதல் ரயில் கிடைத்ததும் போய்விட்டார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்த கோட்டயத்துத் தோழி இப்போது இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் இருக்கிறாள். அங்கே 2009 முதல் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு இல்லங்களைச் சோதிக்கிறது. பாதுகாப்பு இருக்கிறதா, கவனிப்பு பலன் தருகிறதா, அக்கறையோடு நடத்துகிறார்களா, ஒவ்வொருவரின் தேவையறிந்து செய்கிறார்களா, நிர்வாகம் சரியாக நடக்கிறதா என்று ஐந்து கேள்விகள். சொல்லாமலும் வருவார்கள். அட்டெண்டர்களிடம் தனியாகப் பேசுவார்கள். அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கேயும் மோசமான இல்லங்கள் உண்டு, ஆள் பஞ்சம் உண்டு என்று அவள் சொல்கிறாள். ஆனால் மோசம் என்று எழுதி வெளியிட அங்கே ஒருவர் இருக்கிறார்.

நம்மிடம் 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளையும் அது பதிவுக்குள் கொண்டுவந்திருக்கும். 2024-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. இங்கே இல்லங்கள் சில டிரஸ்டாக, சில கம்பெனியாக, சில நர்சிங் ஹோமாக நடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் பார்க்கிற கண் இல்லை.

கர்நாடக அரசு டெல்லிக்காகக் காத்திருக்கக் கூடாது. இல்லங்களைப் பதிவு செய்யுங்கள். கட்டிலை எண்ணாமல் படுத்திருப்பவரின் தேவையை எண்ணி, இரவுக்கு எத்தனை பேர் என்று விதி எழுதுங்கள். சோதனைக்கு ராத்திரி வாருங்கள். அறிக்கையைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மாதக் கட்டணத்தில் பேரம் பேசும்போது எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் குறைவது ராத்திரி டூட்டி ஆள்தான். உங்கள் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், போகும்போது அவளிடமும் பத்து நிமிஷம் பேசுங்கள். தப்பு நடப்பதாகத் தெரிந்தால் பேசாமல் இருக்காதீர்கள். நாடு முழுவதற்குமான மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. பெங்களூரில் நகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய எண் 1090.